நனையாத படகு

ரியேகாவில் காற்றுக்குப் பூரா என்று பெயர்.
மலையிலிருந்து இறங்கித் துறைமுகத்தைப் பிடித்து உலுக்கும்.
அந்த நாட்களில் கப்பலின் ஏணி வாய்விட்டுப் பேசும்;
பரிசோதனையை நான் அங்கிருந்தே தொடங்குவேன்.

மேலே காபி தயாராக இருந்தது.
கோப்புகள் ஒன்பது, வண்ணச் சீட்டுகள் ஒட்டி.
பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும்
துடைத்து அடுக்கிய வீடுபோலச் சான்றிதழ்கள்.
பதினேழு வருடமாகக் குடித்த காபி அது.
இன்று வேண்டாம் என்றேன்.
கேப்டனின் தாடையில் ஒரு தசை மட்டும் அசைந்தது.

சமையலறை எந்தப் பக்கம்?

சுத்ரிஸ்னோ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.
எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?
யோசிக்காமல் அலமாரியைத் திறந்து
இரண்டு அரிசி மூட்டைகளை நகர்த்தி
மூன்றாவதையும் நகர்த்தி
தீப்போர்வையை எடுத்துத் தந்தார்.
உறை பிரிக்காதது. விலைச்சீட்டுகூட இருந்தது.
நேரம் குறித்தேன்: ஐம்பத்தொரு விநாடி.
வெங்காயத்தால் இருவருக்கும் கண்ணீர்.

ஓய்வுப் பதிவேட்டின்படி
ஜனவரி பதினான்காம் இரவு
இருபது பேரும் பத்து மணிநேரம் தூங்கியிருக்கிறார்கள்.
அன்றிரவு கப்பல் பெஜாயாவில் கோதுமை இறக்கியது.
கோதுமை தானாக இறங்கியதா என்று நான் கேட்கவில்லை.
இயந்திர அறையில் ரொடேலியோ
சுவரில் சாய்ந்து நின்றபடி பதில் சொன்னான்.
சுவரை எடுத்துவிட்டால் விழுந்திருப்பான்.

பிறகு படகு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீரில் இறக்கினோம்
என்கிறது ஏடு.
ஒரே பேனா. ஒரே சாய்வு.
பிஸ்கே புயலிலும் நடுங்காத கையெழுத்து.

காற்றுக்கு மறைவான பக்கத்துப் படகை இறக்குங்கள்;
உள்ளே ஆள் வேண்டாம் என்றேன்.
முதல் அதிகாரி சூராப் வானத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார்.
கிரிபாத்தியிலிருந்து வந்த பெரெட்டி பிரேக்கைத் தூக்கினான்.
படகு அசையவில்லை.
சுத்தியலால் தட்டினான்.
ஆரஞ்சு நிறச் செதில் ஒன்று உதிர்ந்து என் பூட்ஸில் விழுந்தது,
நாலு பூச்சுத் தடிமன்.
கொக்கியையும் அதன் வாயையும்
பெயிண்ட் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தது.

கப்பலைத் தடுத்து வைக்கும் தாளை நிரப்ப
முந்தைய அறிக்கையைப் புரட்டினேன்.
இரண்டு வருடம் முன்பு. இதே துறை.
குறைபாடுகள்: இல்லை.
குறிப்பு: பராமரிப்பு சிறப்பு.
கீழே என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது.
மழை. அன்றைக்கு நாலாவது கப்பல்.
காபியில் ஏலம்போல ஏதோ மணம்.
படகுத் தளத்தில் புதுப் பெயிண்டின் வாசனை;
அதை மூக்கால் பரிசோதித்துவிட்டு
இறங்கிப் போயிருக்கிறேன்.

தாளில் கப்பலுக்குக் கட்டம் உண்டு,
முதலாளிக்கு, கொடிக்கு, கேப்டனுக்கு உண்டு.
பார்த்தவள் பார்க்காமல் போனதற்குக் கட்டமில்லை.
ஓரத்து வெற்றிடத்தில் எழுதினேன், சின்ன எழுத்தில்.
இந்த இரண்டு வருடம்
இருபது பேர் ஒரு படத்தை நம்பிக் கடலில் போனார்கள்.

அலுவலகத்தில் த்ராஜெனிடம் சொன்னேன்:
இனி நான் தேற்றிய கப்பலை நீ பார்,
நீ தேற்றியதை நான்.
என்மேல் சந்தேகமா என்றான்.
என்மேல்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவன்
பிறகு தன் பழைய கோப்புகளை
என் மேசைக்குத் தள்ளினான். நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் காற்று ஓய்ந்தது.
புதுக் கொக்கி, மசகிட்ட கம்பி.
படகு ஒருமுறை திணறி, முனகி, இறங்கி
முதல்முறையாக நீரைத் தொட்டது.
பெரிய சத்தமில்லை. தொட்டியில் குவளை விழுந்ததுபோல.

பெரெட்டி ஏட்டைத் தொடையில் வைத்து நேரம் எழுதினான்.
கை ஈரம். மை பரவி
நாலா ஒன்பதா என்று தெரியாமல் போயிற்று.
திருத்தி எழுதட்டுமா, மேடம்?

வேண்டாம்.
அந்த ஏட்டில் நான் நம்புவது
அந்த ஒரு வரியைத்தான்.